நகரத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர் யார்?

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 4ஆம் தேதி அமெரிக்காவின் நியூயார்க் மாநகரத்தில் மேயர் தேர்தல் நடைபெற்றது. அதைப் பற்றிய செய்திகளை நம் நாட்டுப் பத்திரிகைகள் பெரிய எழுத்துக்களில் வெளியிட்டன. வெற்றி பெற்ற சொஹ்ரான் மம்தானி இந்திய வமிசாவளியினரான பெற்றோருக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கம்பாலா நகரில் பிறந்து, சிறு வயதில் நியூயார்க்கில் குடியேறியவர். வேற்றூரிலிருந்து வந்து குடியேறிய ஒருவர் அம்மாபெரும் நகரத்தின் தலைவரானார் என்பதே நம்மவர் அத்தேர்தலை அவ்வளவு ஆவலோடு கவனித்ததற்குக் காரணம் எனலாம்.

அதற்கு ஐந்து வாரங்களுக்குப் பின், டிசம்பர் மாதம் 9ஆம் தேதி, திருவனந்தபுரம் மாநகராட்சிக்குத் தேர்தல் நடைபெற்றது. சாலைக் கடைத்தெருவிலும், வலியசாலையிலும், கரமனையிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. மத்திய சர்க்கார் அலுவலகங்களிலும், வங்கிகளிலும், விண்வெளி ஆராய்ச்சி நிலையங்களிலும் பணியாற்ற வந்தவர்களும் பலர் உளர். நியூயார்க் மேயரின் பெயர் இவர்களில் பலருக்குத் தெரியும். ஆனால் தாம் குடியிருக்கும் வார்டின் அங்கத்தினர் யார் என்று கேட்டால் தயங்குவோர் நம்மில் எத்தனையோ பேர். பம்பாய், பெங்களூர், தில்லி முதலிய நகரங்களில் வாழும் தமிழன்பர்களின் நிலையும் இதுவே. தொலைவிலுள்ள நகரத்தின் தலைவரை அறிந்திருப்பது நல்லதே. எனினும் நம் வாசலில் ஓடும் சாக்கடையைக் கவனிக்க வேண்டியவர் யார், அவரைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்பதை அறிந்திருப்பது அதனினும் இன்றியமையாதது. திருவனந்தபுரத்தின் தெற்குக் கடற்கரையிலுள்ள விழிஞ்ஞம் என்ற ஊரை உதாரணமாகக் கொண்டு இதனை விளக்க முற்படுவோம்.

முதலில் நியூயார்க்கில் நடப்பதைச் சுருக்கமாகக் காண்போம். அங்கே மேயரை மக்கள் நேராகவே தேர்ந்தெடுக்கிறார்கள். நகரம் முழுவதும் அத்தேர்தலுக்கு ஒரே தொகுதி. தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்னர், ஒவ்வொரு பெரிய கட்சியும் தன் அபேட்சகர் யார் என்பதைத் தன் கட்சி வாக்காளரிடமே கேட்டு முடிவு செய்கிறது. இதற்கு முதனிலைத் தேர்தல் என்று பெயர். இம்முதனிலைத் தேர்தலில் 2021ஆம் ஆண்டு முதல் ஒரு புதிய முறை கையாளப்படுகிறது. வாக்காளர் ஒருவருக்கு மட்டும் முத்திரையிடாமல், ஐந்து பேர் வரையில், தம் விருப்பப்படி முதலாமவர், இரண்டாமவர் என வரிசைப்படுத்தலாம். எவருக்கும் பாதிக்கு மேல் முதல் விருப்பம் கிடைக்காவிடில், கடைசியில் நிற்பவர் நீக்கப்படுவார்; அவருக்கு வாக்களித்தவர்களின் அடுத்த விருப்பம் யாருக்கோ அவருக்கு அவ்வாக்குகள் போய்ச் சேரும். 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜனநாயகக் கட்சி நடத்திய முதனிலைத் தேர்தலில் மம்தானி இம்முறையிலேயே முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ கூவோமோவை வென்றார். கூவோமோ நவம்பர்த் தேர்தலில் சுயேச்சையாகப் போட்டியிட்டு மறுபடியும் தோல்வியுற்றார். அத்தேர்தலில் 20 இலட்சத்துக்கும் அதிகமானோர் வாக்களித்தனர். 1969ஆம் ஆண்டுக்குப் பின் அந்நகரின் மேயர் தேர்தலில் இவ்வளவு பேர் வாக்களித்ததில்லை. 2026ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி புதிய மேயர் பதவியேற்றார்.

நியூயார்க் மேயருக்கு அதிகாரமும் பெரிது. போலீஸ் கமிஷனரை நியமிப்பவர் அவரே. வரவு செலவுத் திட்டத்தை வகுப்பவரும், நகரத்தின் இலாகாத் தலைவர்களை நியமிப்பவரும் அவரே. நகர மன்றம் தனியே ஒன்று உண்டு. அதில் 51 அங்கத்தினர். சட்டம் இயற்றுவதும், வரவு செலவுத் திட்டத்தை ஆய்ந்து ஒப்புதல் அளிப்பதும் மன்றத்தின் வேலை. ஆயினும் மேயரைத் தேர்ந்தெடுப்பதில் மன்றத்துக்குப் பங்கில்லை. ஆகவே நியூயார்க் வாக்காளர், தம் பகுதி அங்கத்தினருக்கு ஒரு வாக்கும் மேயருக்கு ஒரு வாக்குமாகத் தனித்தனியே அளிக்கிறார்.

கேரளத்தில் முறை வேறு. மாநகராட்சியில் வாழும் வாக்காளர் அளிப்பது ஒரே ஒரு வாக்கு. அதுவும் தம் வார்டின் அங்கத்தினருக்கே. கிராமப்புறத்து வாக்காளருக்குக் கிராமம், பிளாக், ஜில்லா என்ற மூன்று பஞ்சாயத்துக்களுக்கு மூன்று வாக்குகள் உண்டு, நகரத்தாருக்கு ஒன்றுதான். இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கத்தினர்கள் கூடித் தம்முள் ஒருவரை மேயராகவும் மற்றொருவரை டிப்டி மேயராகவும் தேர்ந்தெடுக்கிறார்கள். எனவே, மேயர் பதவிக்கு யார் வர வேண்டும் என்று எண்ணும் குடிமகன் அவ்வெண்ணத்தைத் தன் வார்டின் வாயிலாக மட்டுமே வெளியிட முடியும்.

இவ்வேறுபாடு ஏன் எனின், நம் அரசியல் சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. 1993ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்த 74ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கு அரசியல் சட்டத்தில் நிலையான இடம் அளித்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடத்த வேண்டும். அதனை நடத்த மாநிலத் தேர்தல் ஆணையம் ஒன்று இருக்க வேண்டும். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும் என்றெல்லாம் அது விதித்தது. ஆனால் நகராட்சியின் தலைவரை எம்முறையில் தேர்ந்தெடுப்பது என்பதை மட்டும் அந்தந்த மாநிலச் சட்டசபைக்கே விட்டுவிட்டது. ஆதலால் உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், உத்தராகண்ட், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களில் மக்கள் மேயரை நேராகத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறார்கள். கேரளத்தில் 1994ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் அங்கத்தினர் மூலமாகவே தேர்ந்தெடுக்கும் முறையை விதித்துள்ளது.

இனி விழிஞ்ஞத்துக்கு வருவோம். இவ்வூர் தமிழருக்குப் புதியதன்று. ஆய் மன்னர்களின் துறைமுகமாகவும் கோட்டையாகவும் விளங்கிய இவ்விடத்தைப் பாண்டியரின் செப்பேடுகள் குறிப்பிடுகின்றன. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் சிறிய குடைவரைக் கோவில் ஒன்று இன்றும் அங்கே உண்டு. நெடுங்காலம் மீனவர் குடியிருப்பாகவும் தனிப் பஞ்சாயத்தாகவும் இருந்த விழிஞ்ஞம், 2010ஆம் ஆண்டில் ஸ்ரீகாரியம், வட்டியூர்க்காவு, குடப்பனக்குன்னு, கழக்கூட்டம் ஆகிய நான்கு பஞ்சாயத்துக்களுடன் திருவனந்தபுரம் மாநகராட்சியில் சேர்க்கப்பட்டது. அன்று முதல் விழிஞ்ஞத்தாரும் தலைநகரத்தின் மேயரை உருவாக்கும் வாக்காளராயினர்.

அதன் பின்னர் அவ்வூரின் நிலை வெகுவாக மாறிற்று. கரையை ஒட்டியே சுமார் 18 மீட்டருக்கு மேற்பட்ட இயற்கையான ஆழம் இருப்பதாலும், கீழ்த்திசைக்கும் மேற்றிசைக்கும் இடையே கப்பல்கள் செல்லும் பெருவழி ஏறத்தாழ 10 கடல் மைல் தொலைவிலேயே அமைந்திருப்பதாலும், அங்கே பெருந்துறைமுகம் ஒன்று கட்டத் திட்டமிடப்பட்டது. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் வேலை தொடங்கியது. 2024ஆம் ஆண்டு ஜூலையில் முதல் தாய்க்கப்பல் வந்தடைந்தது. 2025ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி பிரதம மந்திரி துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். முன்னர்க் கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் சென்று கப்பல் மாறி வந்த சரக்குப் பெட்டகங்களில் ஒரு பகுதி இப்போது இங்கேயே கப்பல் மாறுகின்றது.

இவ்வளர்ச்சியால் விளைந்த கவலைகளும் உண்டு. கடற்கரை அரிக்கப்படுகிறது, வீடுகள் போகின்றன, படகு தள்ளும் இடம் குறைகிறது என்று மீனவர் முறையிட்டனர். 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தொடங்கிய அவர்களது கிளர்ச்சி டிசம்பர் வரை நீடித்தது. துறைமுகம் பற்றிய முடிவுகள் மாநகராட்சியின் கையில் இல்லை. அவை மாநில சர்க்காரையும், ஒப்பந்தம் பெற்ற கம்பெனியையும், மத்திய சர்க்காரின் அனுமதிகளையும் பொறுத்தவை. ஆயினும் தெருவும், தெருவிளக்கும், குப்பையும், சாக்கடையும், ஆரம்ப சுகாதாரமும், வீடற்றவர்க்கு வீடும், கட்டட அனுமதியும் மாநகராட்சியைச் சேர்ந்தவை. லாரிகள் பெருகும் ஊரில் சாலை எத்தனை விரைவில் பழுதடையும், ஜனத்தொகை கூடும் ஊரில் குப்பை எவ்வளவு சேரும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. ஆகவே மாநகராட்சி மன்றத்தில் தம் குரலை எடுத்துரைக்க ஓர் அங்கத்தினர் இருப்பது விழிஞ்ஞத்தாருக்கு மிகவும் முக்கியமாகும்.

2025ஆம் ஆண்டுத் தேர்தலில் திருவனந்தபுரம் மாநகராட்சியின் வார்டுகள் மறுவரையறை செய்யப்பட்டு 101 ஆயின. டிசம்பர் 9ஆம் தேதி 100 வார்டுகளிலேயே வாக்குப்பதிவு நடைபெற்றது. எஞ்சிய ஒன்று விழிஞ்ஞம் வார்டு. அங்கே போட்டியிட்ட சுயேச்சை அபேட்சகர் ஒருவர் வாக்குப்பதிவுக்குச் சற்று முன்னர்க் காலமானதால் அவ்வார்டின் தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. டிசம்பர் 13ஆம் தேதி வாக்குகள் எண்ணப்பட்டன. பாரதிய ஜனதா கட்சி தலைமையிலான தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 50 இடங்களும், இடது ஜனநாயக முன்னணிக்கு 29 இடங்களும், ஐக்கிய ஜனநாயக முன்னணிக்கு 19 இடங்களும், சுயேச்சைகளுக்கு 2 இடங்களும் கிடைத்தன.

இவ்வெண்களைச் சற்று ஆராய வேண்டும். 101 பேர் கொண்ட மன்றத்தில் தனிப் பெரும்பான்மை என்பது 51. முதலிடம் பெற்ற அணிக்கு இருந்தவை 50. மேயரைத் தேர்ந்தெடுக்கும் நாளன்று, போட்டியிடும் மற்றவர் யாவரும் சேர்ந்து பெறும் வாக்குகளைவிட ஒருவர் அதிகம் பெற்றால் போதும். அவ்வாறு ஒருவரும் பெறாவிடில் கடைசியில் நிற்பவரை நீக்கிவிட்டு மறுபடியும் வாக்கெடுக்க வேண்டும் என்பது விதி. நியூயார்க்கில் வாக்காளரின் விருப்ப வரிசையைக் கொண்டு செய்வதை, இங்கே அங்கத்தினரை மறுபடியும் வாக்களிக்கச் செய்து நிறைவேற்றுகிறார்கள். ஆனால் பதவியில் அமர்வது வேறு, ஐந்தாண்டு நிலைத்திருப்பது வேறு. நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற மன்றத்தின் மொத்த அங்கத்தினரில் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரிக்க வேண்டும். ஆகவே அந்த 51ஆவது இடம் ஒவ்வோர் அணிக்கும் பெருமதிப்புடையதாயிற்று.

டிசம்பர் 21ஆம் தேதி அங்கத்தினர்கள் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டனர். அவர்களுள் வயதில் மூத்தவர் முதலில் பிரமாணம் எடுத்து, பின்னர் மற்றவர்க்கு அதனைச் செய்துவைப்பது கேரளத்து வழக்கம். 26ஆம் தேதி மேயர் தேர்தல் நடைபெற்றது. இத்தேர்தலை நடத்துபவர் ஜில்லா கலெக்டர். இதில் வாக்களிப்பது இரகசியமாக அன்று. ஒவ்வோர் அங்கத்தினரும் வாக்குச்சீட்டின் பின்புறம் தம் பெயரை எழுதிக் கையொப்பமிட வேண்டும். தம்மை அனுப்பிய மக்களும் கட்சியும் தாம் யாருக்கு வாக்களித்தோம் என்பதை அறிய வேண்டும் என்பதே இதன் நோக்கம். கட்சி மாறுவோரைத் தகுதியிழக்கச் செய்யும் சட்டமும் 1999ஆம் ஆண்டு முதல் கேரள ஸ்தல ஸ்தாபனங்களுக்கு உண்டு. அன்று வி.வி. ராஜேஷ் ஒரு சுயேச்சை அங்கத்தினரின் ஆதரவையும் பெற்று 51 வாக்குகளால் மேயரானார். இடது ஜனநாயக முன்னணியின் அபேட்சகருக்கு 29 வாக்குகளும், ஐக்கிய ஜனநாயக முன்னணியின் அபேட்சகருக்கு 17 வாக்குகளும் கிடைத்தன. இரண்டு வாக்குகள் செல்லாதவையாயின. ஆஷா நாத் டிப்டி மேயரானார்.

அன்று அம்மன்றத்தில் விழிஞ்ஞம் வார்டின் சார்பில் அமர ஒருவரும் இல்லை. அவ்வார்டில் வாக்குப்பதிவு 2026ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதியன்றே நடைபெற்றது. அதில் ஐக்கிய ஜனநாயக முன்னணியின் அபேட்சகர் நூற்றுக்கும் குறைந்த வாக்குகளின் வித்தியாசத்தில் வெற்றி பெற்றார். மாநகரம் முழுவதற்கும் மேயர் வந்து இரண்டு வாரங்களுக்கு மேல் கழிந்த பின்னரே விழிஞ்ஞம் வார்டு வாக்காளர் வாக்குச்சாவடிக்குச் சென்றனர். விதியின் செயலால் நேர்ந்த இத்தாமதத்துக்கு எவரையும் குறை கூற இயலாது. ஆனால் வாக்காளர் தாமாகவே வாக்குச்சாவடிக்குப் போகாமல் இருந்தாலும், பெயரைப் பட்டியலில் சேர்க்காமல் இருந்தாலும், பலன் இதுவே. மேயரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் அவர்கள் சார்பில் பேச ஆளிராது. இருந்தாலும் அவர் அவர்களால் வந்தவராக இரார். வார்டிலே தவறவிட்ட வாக்கை மேயர் தேர்தலில் ஈடு செய்ய நம் நாட்டு முறையில் வேறு வழியில்லை. நூற்றுக்கும் குறைந்த வாக்குகளால் ஒரு வார்டு தீர்மானிக்கப்படுமாயின், ஒரு தெருவில் வாழும் சில குடும்பங்கள் வீட்டிலிருந்துவிட்டாலே முடிவு மாறிவிடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கும் முறை நல்லதா, அங்கத்தினர் மூலம் தேர்ந்தெடுக்கும் முறை நல்லதா என்ற கேள்வி இங்கே எழும். இதற்குத் தமிழ்நாட்டின் அனுபவமே நல்ல சான்று. சென்னை மாநகராட்சி 1688ஆம் ஆண்டில் தோன்றியது. 1933ஆம் ஆண்டில் அதன் தலைவருக்கு மேயர் என்ற பட்டம் மீண்டும் வழங்கப்பட்டு, முத்தையா செட்டியார் மேயரானார். அக்காலத்தில் அங்கத்தினர்கள் ஆண்டுதோறும் ஒரு மேயரைத் தேர்ந்தெடுத்தனர். 1973ஆம் ஆண்டில் கலைக்கப்பட்ட மன்றத்துக்கு 1996 வரையில் தேர்தலே நடைபெறவில்லை. 1996ஆம் ஆண்டில் சென்னை மக்கள் முதன்முறையாக மேயரை நேராகத் தேர்ந்தெடுத்தனர்; மு.க. ஸ்டாலின் வெற்றி பெற்றார். 2001இலும் நேர்முறையே கையாளப்பட்டது. 2006இல் அங்கத்தினர் மூலமான முறைக்குத் திரும்பினர். 2011இல் மறுபடியும் நேர்முறை. 2016இல் மன்றத்தின் காலம் முடிந்த பின் ஐந்தாண்டுக்கு மேல் அதிகாரிகளே ஆண்டனர். 2022ஆம் ஆண்டில் 200 வார்டுகளின் அங்கத்தினர்கள் கூடிப் பிரியாவை மேயராக்கினர்.

இரண்டு முறைகளுக்கும் நன்மையும் குறையும் உண்டு. நேராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் நகரம் முழுவதற்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அங்கத்தினர் சிலரின் மனமாற்றத்தால் அவர் பதவி ஆட்டம் காண்பதில்லை. ஆனால் மன்றத்தில் வேறு கட்சிக்குப் பெரும்பான்மை அமைந்துவிட்டால் தீர்மானங்கள் நிறைவேறாமல் வேலை தடைப்படும். அங்கத்தினர் தேர்ந்தெடுக்கும் மேயருக்கு மன்றத்தின் ஆதரவு தொடக்கத்திலேயே உண்டு. ஆனால் மக்கள் முன்கூட்டி அறியாத ஒருவர் மேயராக வரக்கூடும். இடையிலே மாறவும் கூடும். திருவனந்தபுரத்தில் 2015ஆம் ஆண்டில் எந்த அணிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்காத நிலையில் வி.கே. பிரசாந்த் மேயரானார். 2019ஆம் ஆண்டில் அவர் சட்டசபை அங்கத்தினராகிச் சென்றதும் கே. ஸ்ரீகுமாரை அம்மன்றமே மேயராக்கியது. பொதுமக்கள் மறுபடி வாக்களிக்க வேண்டியிருக்கவில்லை.

அங்கத்தினர் மூலமான முறைக்கு மற்றொரு பயனும் உண்டு. பெரும்பொருள் செலவிட்டு நகரம் முழுவதும் பிரசாரம் செய்ய இயலாத ஒருவரும் தம் வார்டு மக்களின் நம்பிக்கையைப் பெற்றால் தலைமைப் பதவியை எட்டலாம். கேரளம் 2009ஆம் ஆண்டில் பெண்களுக்கான ஒதுக்கீட்டைப் பாதியாக உயர்த்தியது; மேயர் பதவிகளும் சுழற்சி முறையில் பெண்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. அதன்படி 2010இல் கே. சந்திரிகாவும், 2020இல் ஆர்யா ராஜேந்திரனும் திருவனந்தபுரத்தின் மேயராயினர். ஆர்யா ராஜேந்திரன் அப்போது 21 வயதுக் கல்லூரி மாணவி. அபேட்சகராக நிற்பதற்குச் சட்டம் விதித்துள்ள குறைந்த வயதே 21தான். மேயரை ‘நகரத் தந்தை’ என்று தமிழில் வழங்கி வந்த நாம், மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில், அச்செய்தியைத் தமிழாக்கும்போது அச்சொல்லை விடுத்து ‘மேயர்’ என்றே எழுத நேர்ந்தது. மூத்தவர், பெரியவர் என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே ‘மேயர்’ என்பதும் இங்கே நினைத்து இன்புறத்தக்கது.

மேயரின் அதிகாரம் நகரத்துக்கு நகரம் வேறுபடுவதையும் அறிய வேண்டும். கேரளத்து மாநகராட்சிகளில் நிதி, வளர்ச்சி, நலன், சுகாதாரம், மராமத்து, நகரத் திட்டம், வரி மேல்முறையீடு, கல்வியும் விளையாட்டும் என எட்டு நிலைக்குழுக்கள் உண்டு. நிதிக் குழுவின் தலைவர் டிப்டி மேயரே. பம்பாயில் நிர்வாக அதிகாரம் கமிஷனரிடமே உள்ளது. மேயரின் பதவிக்காலம் இரண்டரை ஆண்டு. தில்லியில் மேயர் ஆண்டுதோறும் மாறுவார். 250 வார்டு அங்கத்தினருடன் பாராளுமன்ற அங்கத்தினரும் சட்டசபை அங்கத்தினர் சிலரும் அவரைத் தேர்ந்தெடுப்பர். பெங்களூரில் 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் மன்றத்தின் காலம் முடிந்தபின் ஐந்தாண்டுக்கு மேல் தேர்தல் இன்றியே நகரம் நடைபெற்றது. பம்பாயிலும் 2022ஆம் ஆண்டு மார்ச்சில் முடிந்த மன்றத்துக்கு 2026ஆம் ஆண்டு ஜனவரியில்தான் தேர்தல் வந்தது. இத்தகைய நீண்ட இடைவெளிகளில் குடிமக்களின் குறைகளைக் கேட்க வார்டு அங்கத்தினர் என்று ஒருவர் இருப்பதில்லை. அதிகாரியைத் தேடியே செல்ல வேண்டும்.

வெளி மாநிலத்தில் வாழும் தமிழருக்கு இவையெல்லாம் எவ்வகையில் பயன்படும் என்று கேட்கலாம். நியூயார்க் நகரம் 2021ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சட்டம் இயற்றியது. சட்டப்படி குடியேறி வாழ்ந்து, ஆனால் அமெரிக்கப் பிரஜைகளாகாத சுமார் 8 இலட்சம் பேர் நகரத் தேர்தல்களில் வாக்களிக்கலாம் என்பது அதன் சாரம். 2025ஆம் ஆண்டு மார்ச்சில் அம்மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் அச்சட்டம் மாநில அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. பல ஆண்டு உழைத்து வரி செலுத்தியும் அவர்கள் மேயரைத் தேர்ந்தெடுக்க இயலாதவராயினர். நமக்கோ அத்தடை இல்லை. பாரத நாட்டில் பிரஜாவுரிமை ஒன்றே. தமிழ்நாட்டில் பிறந்தவர் திருவனந்தபுரத்தில் வாழ்ந்தால், அவரும் விழிஞ்ஞத்து மீனவரும் வாக்குச்சாவடியில் சமமானவர். பட்டியலில் பெயர் உள்ளவராயின், வயதும் தகுதியும் பொருந்தினால், அபேட்சகராக நிற்கவும் உரிமை உண்டு.

ஆயினும் அவ்வுரிமை தானாக வந்து சேராது. கேரளத்தில் ஸ்தல ஸ்தாபனத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலை மாநிலத் தேர்தல் ஆணையம் தனியே தயாரிக்கிறது. சட்டசபைத் தேர்தலுக்கான பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதாது. இப்பட்டியலிலும் இருக்கிறதா என்று தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். தேர்தலுக்கு முன்னர் வரைவுப் பட்டியல் வெளியாகும். சேர்க்கவும், திருத்தவும், நீக்கவும் அவகாசம் தரப்படும். அவ்வார்டில் வழக்கமாகக் குடியிருப்பவராகவும், குறிப்பிட்ட தேதியில் 18 வயது நிரம்பியவராகவும் இருத்தல் வேண்டும். தமிழரும் கன்னடரும் மிகுதியாக வாழும் சில பகுதிகளில் அபேட்சகர் பெயர்களைத் தமிழிலும் கன்னடத்திலும் அச்சிடும் ஏற்பாடும் கேரளத்தில் உண்டு. மலையாளத்தில் திருவனந்தபுரம் மாநகராட்சியையும் ‘நகரசபை’ என்றே வழங்குவர். அறிவிப்புகளைப் படிப்போர் அது வேறு ஸ்தாபனம் என்று எண்ணிவிடலாகாது.

இங்கே ஒரு சங்கடம் எழுவதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஒருவர் பெயர் இரண்டு ஊர்ப் பட்டியல்களில் இருக்கச் சட்டம் இடம் தராது. பெயரை இங்கே சேர்த்தால் பிறந்த ஊரில் நீக்கிவிட வேண்டும். திருநெல்வேலியிலோ நாகர்கோவிலிலோ தந்தையும் பாட்டனும் வாக்களித்த பட்டியலிலிருந்து தம் பெயரை எடுத்துவிட மனம் ஒப்பாதவர் பலர். அது சொந்த ஊரோடு உள்ள கடைசித் தொடர்பையும் அறுப்பதாகுமோ என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். அவ்வுணர்ச்சி மதிக்கத்தக்கதே. சில மாதங்களில் திரும்பிவிடுவோருக்கு ஊர்ப் பட்டியலே பொருத்தமானது. ஆனால் குழந்தைகள் இங்கே பள்ளியில் படித்து, முதியோர் இங்கே மருத்துவம் பெற்று, ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவுக்கு மட்டும் ஊர் செல்லும் குடும்பத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். அக்குடும்பம் குடிக்கும் நீரும், நடக்கும் தெருவும், அகற்ற வேண்டிய குப்பையும் இந்நகரத்தைச் சேர்ந்தவை. பெயர் ஊரிலும் வாழ்க்கை இங்குமாக இருந்தால், ஊருக்குப் பயணம் செய்து வாக்களிக்க விடுமுறை கிடைக்காத ஆண்டில் இரண்டிடத்திலும் வாக்கில்லாமற் போகும். ஊர்ப்பற்று வாக்காளர் பட்டியலால் வளர்வதன்று. அதனால் குறைவதும் அன்று.

வாக்களித்ததோடு கடமை முடிந்துவிடாது. கேரளத்து மாநகராட்சிகளில் வார்டுக் கமிட்டிக்குத் தலைவர் வார்டு அங்கத்தினரே. அக்கமிட்டியின் வழியே பகுதியின் தேவைகளை எடுத்துச் சொல்லலாம். தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கும் இசை நிகழ்ச்சிக்கும் ஒன்றுகூடுவது போலவே, வரைவுப் பட்டியல் வெளியாகும் காலத்தில் உறுப்பினரின் பெயர்களைச் சரிபார்க்கவும் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கலாம். மொழி தெரியாத முதியோருக்கும் புதிதாக வந்த தொழிலாளருக்கும் படிவம் நிரப்பிக் கொடுப்பது அரிய சேவையாகும். இதற்குப் பெரும் பொருட்செலவு ஏதும் இல்லை.

நியூயார்க்கில் 20 இலட்சம் பேர் நேராகச் செய்த வேலையைத் திருவனந்தபுரத்தில் 100 அங்கத்தினர் ஒரு காலைப் பொழுதில் செய்து முடித்தனர். முறைகள் மாறுபடினும் இரண்டிடத்திலும் அதிகாரம் புறப்படும் இடம் வாக்காளரின் கையே. நம் நாட்டு மாநகரங்கள் பலவற்றில் அது வார்டு என்னும் சிறிய வாயிலின் வழியாகவே மேயரிடம் சென்று சேர்கிறது. வேற்று மாநிலத்தில் வாழும் நம் அன்பர்கள், அடுத்த தேர்தல் அறிவிக்கப்படும் வரை காத்திராமல், தாம் வாழும் வார்டின் எண் யாது, அதன் அங்கத்தினர் யார், பட்டியலில் தம் குடும்பத்தார் பெயர்கள் உள்ளனவா என்ற மூன்று செய்திகளையும் இப்போதே விசாரித்து அறிந்துகொள்வார்களாயின், இவ்வுரையின் பயன் நிறைவேறியதாகக் கொள்வோம்.